மூணு பேர், ஆறு சக்கரம், ஒரு மலை!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பவர்களை நான் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கறிக்கடையில் நல்ல எலும்பு கிடைக்க வேண்டுமே என்று ஓடுகிறவர்கள் முதல் வகை. ‘சுகர் இருக்கு, நடக்கணும்’ என்று டாக்டர் மிரட்டி அனுப்பியவர்கள் இரண்டாம் வகை. மூன்றாவது வகைக்கு எந்தக் காரணமும் கிடையாது. ஹெல்மெட்டும் இறுக்கமான டவுசரும் மாட்டிக்கொண்டு, ஊர் நாய்கள் துரத்தத் துரத்த சைக்கிள் மிதிக்கிறவர்கள். இந்த மூன்றாவது வகையில் அடியேனும் ஒருவன்.

கோவையில் இருந்துகொண்டு சைக்கிள் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம் ஸார்! எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நின்று கூப்பிடுகிறது. மேற்கே மருதமலை, வடக்கே நீலகிரி. சும்மா ரோட்டில் மிதித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ‘கோத்தகிரியில் மலைச் சைக்கிள் போட்டி, மூன்று பேர் கொண்ட அணி’ என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. பட்டதோடு போயிருந்தால் பரவாயில்லை, பணமும் கட்டிவிட்டோம்.

‘எங்களுக்கு’ என்றால் யார் யார்? ஒருவர் கேஷியர். தனியார் வங்கியில் நோட்டு எண்ணுகிறார், வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. வயிறு நாற்பதைத் தாண்டி விட்டது (அங்குலத்தில்). மாதத் தவணையில் சைக்கிள் வாங்கியவர். இன்னொருவன் தம்பி. இருபத்திரண்டு வயது, கூரியர் கம்பெனியில் பார்சல் கொடுக்கிற வேலை. அவன் காலில் இருப்பது தசையா, இரும்புக் கம்பியா என்று எங்களுக்குள் இன்னும் சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது நான். பி.காம். படித்துவிட்டு, நாலு கடைக்குக் கணக்கு எழுதி, நாலு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி, இரண்டும் சேர்ந்து ஒரு சம்பளம் ஆகுமா என்று பார்த்துக்கொண்டிருப்பவன்.

இந்த மூன்று பேரில் சொந்த சைக்கிள் இல்லாதவன் தம்பி மட்டும்தான். அவன் ஓட்டியது வாடகை சைக்கிள். அவனுக்குப் பிடித்த ஒரு மாடலைக் கடையில் பார்த்து வைத்திருந்தான். விலை 32,000 ரூபாய். கையில் சேர்த்து வைத்திருந்தது 17,000. போட்டியில் மூன்றாம் பரிசு எவ்வளவு தெரியுமா? 15,000!

“டாலி ஆகுதுங்ணா” என்றான் என்னிடம். பி.காம். படித்த எனக்கே பிறகுதான் உறைத்தது. பரிசு எது கிடைத்தாலும் முழுசும் தம்பிக்கு என்று கேஷியரும் நானும் அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

* * *

இந்த மலைச் சைக்கிள் சமாசாரம் ஒன்றும் நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் மரின் கவுன்டி என்று ஒரு மலைப் பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள், குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலை உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உருண்டு வந்தார்கள். 1976-ல் அதையே பந்தயமாக்கினார்கள். பெயர் ‘ரீபேக்’. பெயர்க்காரணம் வேடிக்கையானது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற அந்தக் கால பிரேக், ஒரு இறக்கம் இறங்குவதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடுமாம். அடுத்த தடவைக்கு மறுபடி கிரீஸ் ‘பேக்’ செய்ய வேண்டும். அதனால் ‘ரீபேக்’! அதில் ஓட்டிய ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் பிற்பாடு இதற்கென்றே சைக்கிள் தயாரித்தார்கள். இருபதே வருஷம்... 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ‘கிராஸ் கன்ட்ரி’ மலைச் சைக்கிள் போட்டி இடம் பிடித்துவிட்டது.

அணியாக ஓட்டுவது இன்னொரு கூத்து. தென்னாப்பிரிக்காவில் 2004-லிருந்து ‘கேப் எபிக்’ என்று எட்டு நாள் பந்தயம் நடக்கிறது. இரண்டு இரண்டு பேராக ஓட்ட வேண்டும். ஒருவருக்கொருவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் அபராதம். அதாவது, கல்யாணம் மாதிரி. வேகமானவர் மெதுவானவரோடுதான் போயாக வேண்டும்.

எங்கள் கோத்தகிரிப் போட்டியும் ஏறக்குறைய இதே சட்டம்தான். ஒன்பது கிலோமீட்டர் சுற்று, மூன்று தடவை. மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் அணியின் நேரம் நிற்கும். அணிக்குள் ஒருவரை ஒருவர் முதுகில் கை வைத்துத் தள்ளலாம், தப்பில்லை. ஆனால் குறிப்பிட்ட தண்ணீர்ப் பந்தல் தவிர, வழியில் வெளியாள் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினால் ஐந்து நிமிஷம் கூட்டப்படும். ஒருவருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டால் அத்தோடு அணி அவுட்.

இந்த விதிமுறைக் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவன் எங்களில் தம்பி ஒருவன்தான். பார்சல் கொடுக்கிறவனுக்குப் பொடி எழுத்து படிக்கிற பழக்கம் உண்டு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மேட்டுப்பாளையத்தில் எல்லாரும் குன்னூர் ரோட்டைப் பிடித்து ஊட்டிக்கு ஓடுவார்கள். வலது பக்கம் பிரிகிற கோத்தகிரி ரோடு பாவம், சாதுவாக இருக்கும். முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். வேனின் கண்ணாடி வழியே முதலில் பாக்கு மரம், அப்புறம் மூங்கில், அப்புறம் திடீரென்று யாரோ பச்சைக் கம்பளத்தைக் கத்தரித்து விரித்த மாதிரி தேயிலை. காதில் ‘டப்’ என்று அடைப்பு விழும்போது புரிந்துகொள்ளலாம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தை நெருங்குகிறோம் என்று.

ஊட்டிக்கு முன்னாலேயே வெள்ளைக்காரன் குடியேறிய ஊர் இது. அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கு கிராமத்தில் வீடு கட்டினார். அந்த வீடு இப்போது நினைவகமாக நிற்கிறது. கோவை வெயிலில் கலெக்டர் வேலை பார்த்த மனுஷன், கோத்தகிரிக் குளிரை ஒரு முறை அனுபவித்த பிறகு கீழே இறங்க மனசு வந்திருக்குமா? தென்மேற்குப் பருவமழையின் உக்கிரத்தைத் தொட்டபெட்டா மலை குறுக்கே நின்று தாங்கிக்கொள்வதால், ஊட்டி நடுங்கும்போதுகூட கோத்தகிரி கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

ஊர்ப் பெயரே கோத்தர்களின் மலை என்பதுதான். சுற்றிலும் படுகர்களின் ஊர்கள். ‘ஹட்டி’ என்பார்கள். வரிசையாக ஓட்டு வீடுகள், வீட்டு முன்னால் பீன்ஸோ முட்டைக்கோசோ, திண்ணையில் வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வை, வெள்ளைத் தலைப்பாகையில் பெரியவர்கள். நாங்கள் போனது ஜனவரிக் கடைசி. ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்து ஊர் இன்னும் விருந்து மயக்கத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் பாதையைப் பார்க்கப் போனோம். எஸ்டேட் ஜீப் ரோடு, ஒரு ஹட்டியின் நடுவே போகிற சிமெண்ட் பாதை, சில்வர் ஓக் தோப்பு, ஒரு சின்ன ஓடை, அப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடி ஏற்றம். அந்த ஏற்றத்தை நிமிர்ந்து பார்த்த கேஷியர், “இதென்ன பாதையா, ஏணியா?” என்றார். ஹட்டியில் ஒரு பெரியவர் எங்கள் சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எம்புட்டு வெலை?” என்று கேட்டார். கேஷியர் சொன்னார். பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “இதுக்கு ரெண்டு மாடு வாங்கிப்போட்டா பாலாவது கறக்குமே!”

பதில் சொல்ல முடியாத கேள்விகளில் அதுவும் ஒன்று.

* * *

ஞாயிறு காலை ஏழரை மணி. பதினான்கு அணிகள். வாயிலிருந்து புகை புகையாக வருகிறது (குளிர்தான், சந்தேகப்பட வேண்டாம்!). பெங்களூரிலிருந்து வந்த ஒரு அணியின் சைக்கிள் ஒவ்வொன்றும் ஒரு மாருதி காரின் முன்பணம் அளவுக்கு இருந்தது. விசில் ஊதினார்கள்.

மலைச் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒரு விளக்கம். ரோட்டு சைக்கிளில் கால்தான் வேலை செய்யும். இதில் கால், கை, முதுகு, பல் எல்லாம் வேலை செய்யும். ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்க்காவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ரொம்பச் சாய்ந்தால் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். இறக்கத்தில் பின்னால் சாய வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிளுக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேருவீர்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைப்பார்கள். அப்போதுதான் கல்லையும் வேரையும் கவ்விப் பிடிக்கும். கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால் ஏற்றம் டெபிட், இறக்கம் கிரெடிட். ஆனால் இந்த ஐந்தொகை மட்டும் எந்தக் காலத்திலும் டாலி ஆகாது. முக்கால் மணி நேரம் டெபிட், ஐந்து நிமிஷம் கிரெடிட்!

முதல் சுற்றில் நாலாவதாக வந்தோம். தம்பி முன்னால், கேஷியர் நடுவில், நான் பின்னால். அணி ஓட்டத்தில் நடுவில் இருப்பவர்தான் கல்லாப்பெட்டி. அவர் காலியானால் கடையை மூட வேண்டியதுதான். தம்பி ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்து, “வர்றீங்ளாண்ணா?” என்பான். “வர்றேன்டா” என்று ஒரு முனகல் கேட்கும்.

இரண்டாவது சுற்றில், சில்வர் ஓக் தோப்பைத் தாண்டியதும் கொடி பிடித்திருந்த பையன் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினான். முன்னால் பாதையில் காட்டெருமை. ஒன்றல்ல, மூன்று. கறுப்புப் பாறைக்கு நாலு காலிலும் வெள்ளை ஸாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி! பெங்களூர்க்காரர்கள் எங்களுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் இன்னும் இரண்டு அணிகள் வந்து சேர்ந்தன. யாரும் மூச்சு விடவில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் எஸ்டேட்டுகளில் இது சகஜம். சோலைக்காடு சுருங்கச் சுருங்க, அதுகள் தேயிலைக்குள் வந்து மேய்கின்றன. அவசரப்பட்டால் அது திரும்பும். திரும்பினால் சைக்கிள் பந்தயம், ஓட்டப் பந்தயம் ஆகிவிடும்.

லட்ச ரூபாய் சைக்கிளும் வாடகை சைக்கிளும் அந்த இடத்தில் ஒரே வரிசை. பெரியது தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு, ‘சரி, போங்கடா’ என்கிற மாதிரி சரிவில் இறங்கியது. மறுபடி எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். கிளம்பின வேகத்தில் தம்பி ஒற்றையடிப் பாதைக்குள் எங்களை முதலில் நுழைத்துவிட்டான். அங்கே யாரும் யாரையும் முந்த முடியாது. இரண்டாவது சுற்று முடிந்தபோது நாங்கள் இரண்டாம் இடம்!

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அந்த 32,000 ரூபாய் சைக்கிளில் அப்போதே ஏறி உட்கார்ந்திருந்தான்.

* * *

மூன்றாவது சுற்று. அந்த ‘ஏணி’ ஏற்றத்தின் பாதியில் கேஷியரின் சைக்கிள் கோணலாகப் போக ஆரம்பித்தது. களைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி இறங்கி ஓடி வந்து அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினான். தள்ளினவன் கையை எடுத்துப் பார்த்தான். சொட்டச் சொட்ட வியர்வை, அந்தக் குளிரில்!

கேஷியர் சைக்கிளோடு தேயிலைச் செடிமேல் சாய்ந்தார். கை நடுங்கியது. “என்ன ஸார் பண்ணுது?” என்றால் ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். அவருக்கு சுகர் உண்டு. காலையில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார், பதற்றத்தில் உப்புமாவை மட்டும் தொடவில்லை. பையில் வைத்திருந்த பேரீச்சம்பழமும் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பந்தல் மூன்று கிலோமீட்டர் தள்ளி.

செடிகளுக்கு நடுவில் தெரிந்த ஒரு ஓலைத் தொப்பி எங்களை நோக்கி வந்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா. ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து பறிக்க வந்திருந்தார். முதுகில் கூடை. கேஷியரை ஒரு பார்வைதான் பார்த்தார்.

“சீனி எறங்கிருச்சு தம்பி. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். சாயத் தண்ணி இருக்கு, சீனி போட்டது. குடிக்கக் குடுங்க.”

பிளாஸ்டிக் கூடையிலிருந்து ஒரு சின்ன ஃப்ளாஸ்க்கை எடுத்து நீட்டினார். பத்தடி தள்ளி, கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு நடுவர் பையன் நின்றுகொண்டிருந்தான். விதிமுறைக் காகிதம் முழுசும் படித்த ஒரே ஆள் தம்பி என்று சொன்னேன் அல்லவா? அவனுக்குத் தெரியும். அந்த டம்ளரின் விலை ஐந்து நிமிஷம்.

கேஷியருக்கும் லேசாக நினைவு திரும்பியிருக்க வேண்டும். “வேண்டாண்டா... பணம் போயிரும்...” என்று குழறினார்.

தம்பி அந்த அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். கேஷியரின் தலையை மடியில் சாய்த்து, குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற மாதிரி புகட்டினான். இன்னொரு டம்ளரும் வாங்கினான். அப்புறம் நடுவரைத் திரும்பிப் பார்த்து, “எழுதிக்குங் தம்பி” என்றான். அந்தப் பையனுக்கே சங்கடம். “நான் பார்க்கலைண்ணா” என்று முணுமுணுத்தான். “பார்த்துட்டீங்கல்ல. எழுதுங்” என்றான் இவன்.

கேஷியர் சுதாரிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பெங்களூர் அணி எங்களைத் தாண்டிப் போனது. அந்த அம்மா இரண்டு பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பா அம்மா இலங்கையில் கண்டிப் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்களாம். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்களே, அந்தக் கணக்கில் வந்தவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தார்கள். “நான் வந்தப்ப சின்னப் புள்ள. அங்கயும் கொழுந்து, இங்கயும் கொழுந்து” என்று சிரித்தார்.

“இந்த மேட்டுல தெனமும் ஏறுவீங்களாம்மா?”

“ஏறாம? மூட்டையோடதான் ஏறணும்.”

நாங்கள் மூன்று பேர், மூன்று சைக்கிள், இருபத்து சொச்சம் கியர்கள். அந்த அம்மாவுக்கு ரப்பர் செருப்பும் ஒரு கூடையும்தான். எங்களுக்கு அது வருஷத்துக்கு ஒரு ஞாயிறு. அவருக்கு அது திங்கள், செவ்வாய், புதன்...

கை நடுக்கம் நின்று, பெயர், ஊர், பேங்க் கிளை எல்லாம் சரியாகச் சொன்ன பிறகுதான் கேஷியரை எழுப்பினோம். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். “நடந்தாவது வர்றேன். அவன் மூணு சுத்து முடிக்கணும்யா” என்று ஒரே பிடிவாதம். ஏற்றம் முழுக்க நடந்தோம். தம்பி ஒரு கையில் தன் சைக்கிள், ஒரு கையில் அவர் சைக்கிள். இறக்கத்தில் மூன்று பேரும் பக்கம் பக்கமாக, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே உருண்டோம். பந்தலில் கேஷியருக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி கடலை மிட்டாயும் ஊட்டி, கோட்டைத் தாண்டினோம்.

மூன்றாவது ஆளாகத் தாண்டியது கேஷியர். மூன்றாவது அணியாகத் தாண்டியது நாங்கள். நேரம் 2 மணி 38 நிமிஷம்.

ஐந்தைக் கூட்டினார்கள். 2 மணி 43.

எங்களுக்குப் பின்னால் வந்த அணி 2 மணி 41.

* * *

பரிசளிப்பு விழாவில் தம்பி எல்லாருக்கும் கை தட்டினான். ஆனால் அதற்கப்புறம் பேச்சு இல்லை. தியாகி மாதிரி புன்னகையெல்லாம் இல்லை ஸார், நிஜமாகவே முகம் வாடிவிட்டது. இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு 15,000 ரூபாய் கையை விட்டுப் போனால் வாடாதா? வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கேஷியர் அவன் பக்கத்தில் போய், “டேய், அந்தப் பதினைஞ்சை நான் தர்றேன்டா” என்றார்.

“வேண்டாங்ணா.”

“கடனா வெச்சுக்கோ.”

“கடனே வேண்டாங்ணா. எங்கப்பா வாங்குனதையே இன்னும் கட்டிட்டிருக்கேன்.”

கேஷியர் விடவில்லை. எவ்வளவானாலும் நோட்டு எண்ணுகிற மூளையாயிற்றே. டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக் காட்டினார். “மாசம் 1,250. பன்னெண்டு மாசம். பதினைஞ்சாயிரம். வட்டி தனி. நாளைக்கு மத்தியானம் பேங்குக்கு வா. ஆர்.டி. ஓபன் பண்ணலாம். உன் காசு, உன் பேரு. ஃபாரம் ஃபில்லப் பண்றது மட்டும் என் வேலை.”

தம்பி அந்தக் காகிதத்தை, பொடி எழுத்து உட்பட, முழுசாகப் படித்தான். மடித்து சட்டைப் பைக்குள் வைத்தான். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

“சரிங்ணா. ஆனா ஒரு கண்டிஷன். நாளையில இருந்து காலம்பற அஞ்சரைக்கு உங்க வீட்டு முன்னால வந்து பெல் அடிப்பேன். மருதமலை அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வரோணும். கெளம்பறதுக்கு முன்னால ரெண்டு இட்லி சாப்பிட்டிருக்கோணும். நான் எண்ணிப் பாப்பேன்.”

கேஷியர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

இப்போது ஆர்.டி.யில் ஏழு தவணை கட்டியாகிவிட்டது. கேஷியரின் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. அவர் மனைவிக்கு மட்டும் ஒரே ஒரு வருத்தம். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு இட்லி அவிக்க வேண்டியிருக்கிறதாம்!